நாலாவது வென்டிலேட்டர்

ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டைத் திறந்த விருத்தாம்பாளுக்கு முதலில் வந்தது கோபம்தான், பயம் இல்லை. அவள் வேலையில் யாரோ கை வைத்திருந்தார்கள். தரை, ஸ்டியரிங், தண்ணீர்க் கேன் எல்லாவற்றின் மேலும் அனல் மின் நிலையத்துச் சாம்பல் சலித்த மாவுபோல் படிந்து கிடந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இருந்த ஆறு பேட்டரிகள் மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளபளத்தன. மூடிகளைத் திருகிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கோட்டளவுக்கு நின்றது. முனைகளில் வாஸ்லின் பசை புதிதாகத் தடவியிருந்தது, அதில் ஒரு கட்டைவிரல் அழுத்திய பள்ளம்.

சாவியோ ஐந்து நாளும் அவள் இடுப்பிலேதான் இருந்தது.

அந்தப் பேட்டரி வண்டி மந்தாரக்குப்பத்துக் கான்ட்ராக்டர் சண்முகசுந்தரத்துடையது. ஸ்டோரில் சாமான் இழுக்க வாங்கினார். கான்ட்ராக்ட் முடிந்ததும் செங்கல்மேல் ஏற்றி, ஊருக்கு ஒதுக்கமான இந்தத் தகர ஷெட்டில் நிறுத்திவிட்டார். ஓடாத வண்டிதானே என்று பேட்டரியைச் சும்மா விட முடியாது. அது கைக்குழந்தை மாதிரி. வாரம் தவறாமல் துடைக்கவேண்டும், காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றவேண்டும், மாதம் ஒருமுறை சார்ஜ் போடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தகடு வீங்கிச் செத்துப்போகும். எட்டு மாதம் முன்புவரை இதையெல்லாம் பார்த்துக்கொண்டவன் கலியன், விருத்தாம்பாளின் தம்பி.

நம் பக்கத்துச் சாம்பலைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கண்ணுங்களா. ஈரம் பட்ட சாம்பல் பேட்டரிமேல் படிந்தால் அதன் வழியாகவே கரண்டு ஒழுகிப்போகும். அதனால் சண்முகசுந்தரம், சுவர் உச்சியிலிருந்த நாலு வென்டிலேட்டரையும் சாக்குத் திணித்து அடைக்கச் சொன்னார். ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரம், கம்பி கிடையாது. கலியன் ஓரமெல்லாம் மடித்துச் செருகி, ஒரு பொட்டுத் தூசி நுழையாமல் அடைத்தான். சொன்ன வேலையை அப்படித்தான் செய்வான் அவன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி விடுகிற வாயு வெளியே போக வழி இல்லாமல் ஷெட்டுக்குள் நிறைந்தது. ஒருநாள் சார்ஜர் கிளிப் நழுவி ஒரே ஒரு பொறி. ஒரு பேட்டரி வெடித்து, ஆசிட் அத்தனையும் கலியன் முகத்திலும் கையிலும்.

மூன்று நாள் துடித்துச் செத்தான். பீடி பற்றவைத்தான், வெடித்தது என்று எழுதிக் கொடுத்தார் சண்முகசுந்தரம்.

நாளை திங்கட்கிழமை லேபர் ஆபீசர் ஷெட்டைப் பார்க்க வருகிறார். அவர் எழுதிவிட்டால் எழுதியதுதான். தன்னைத் தானே கொளுத்திக்கொண்டவன் என்ற பெயர், கலியன் மனைவி தனத்தின் நிறைமாத வயிற்றில் இருக்கிற பிள்ளைவரைக்கும் ஒட்டும். அந்த நாலு சாக்குகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவற்றைக் காவல் காக்கத்தான், தம்பியைக் கொன்றவரிடமே கெஞ்சி இந்த வேலையை வாங்கியிருந்தாள்.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. தூறல் தலையில் விழ, வெள்ளைச் சட்டையோடு சண்முகசுந்தரம் உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். மஞ்சள் பல்பு மட்டும் எரிந்தது.

"காய்ச்சல் தேவலையா? பேட்டரியெல்லாம் பளபளன்னு வச்சிருக்கியே, பரவால்ல. அந்தச் சாக்கையெல்லாம் உருவிக் கடாசிடு. நாளைக்கு ஆபீசர் வர்றாரு."

"சாக்கு இருக்கட்டுங்க. ஆபீசரு பாத்துட்டுப் போவட்டும்."

"எத? உன் தம்பி குடிச்ச பீடியவா?"

உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது அவளுக்கு. "எந்தம்பி பீடி புடிச்சி நீங்க பாத்தீங்களா? தொண்ட வெந்து கெடந்தான், பச்சத் தண்ணி எறங்கல. அந்த வாயில பீடியச் சொருவுறீங்களே, நீங்கள்லாம் சோறுதான் துன்றீங்களா?"

"வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே ஏறினார். முதல் சாக்கு புழுதியோடு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. சாம்பல் நிறத்தில் மழை வெளிச்சம் உள்ளே சரிந்தது. நாலாவது சாக்கு விழுமுன் விருத்தாம்பாள் பாய்ந்து பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கலியன் மடித்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது.

"இத நான் தரமாட்டேன். ஆபீசர் கையிலதான் குடுப்பேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம். அடுப்பில் குழம்பு தளதளக்கிற மாதிரி, வண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்து. சார்ஜ் ஏறும்போது பேட்டரி போடுகிற சத்தம். சார்ஜரின் ஒயர் சுவர் ஆணியில் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியோடு எந்த ஒயரும் சேரவில்லை. ஆனாலும் தளதளப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி ஆறும் கொதித்தன, காரல் நெடி மூக்கில் ஏறி நாக்கின் அடியில் செப்புக்காசை அடக்கியதுபோல் புளித்தது, தொண்டை அறுத்தது. எட்டு மாதம் முன்பு தம்பியின் துணிகளை அலசியபோது அவள் கையில் ஒட்டி, எத்தனை சோப்புப் போட்டும் போகாத அதே நெடி.

சண்முகசுந்தரம் காது கொடுக்கவில்லை. "குடுடி அதை!"

"யாரு அடைக்கச் சொன்னது? அத மட்டும் சொல்லுங்க. இப்பவே குடுத்துடறேன்."

"நான்தான் சொன்னேன்! நான்தான் அடைக்கச் சொன்னேன், போதுமா? இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு?"

தளதளப்பு சட்டென்று நின்றது.

யாரோ கேட்டுவிட்டார்கள்.

பல்பு சிவந்து, கம்பியாகச் சுருங்கி, அணைந்தது. தகரத்தில் மழை மட்டும். தரையில் கிடந்த சாக்கு ஒன்று சரசரவென்று நகர்ந்தது. எலி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முதல் வென்டிலேட்டரின் வெளிச்சம் ஓரத்திலிருந்து குறைந்து, குறைந்து, இல்லாமல் போனது. திணிக்கிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். வெந்த தொண்டைக்குள் காற்று போய்வருகிற சத்தம்.

இரண்டாவது.

"எவன்டா அது?" சண்முகசுந்தரம் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் அலறினார். உள்ளங்கை வேகும் வாசனை வந்தது.

மூன்றாவது.

விருத்தாம்பாள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பயத்திலும் கோபம் எரிந்தது. செத்தும் விடவில்லையே. செத்தும் சொன்ன வேலையைச் செய்கிறானே தம்பி, படுபாவி.

மார்போடு அணைத்திருந்த சாக்கை யாரோ இழுத்தார்கள். மெதுவாக. முரட்டுத்தனமே இல்லை. குடு என்று கேட்கிற இழுப்பு.

விடவில்லை.

மறுபடி இழுத்தது. ஈரமான ஏதோ அவள் முழங்கையில் பட்டது. பட்ட இடம் தீயாக எரிந்தது.

"குடுத்துடும்மா!" இருட்டில் சண்முகசுந்தரம் கெஞ்சினார். "விருத்தாம்பா, தாயே, அந்தச் சாக்கக் குடுத்துடு! ஆபீசர்கிட்ட நானே சொல்லிடறேன், சத்தியமா சொல்லிடறேன்!"

"தரமாட்டேன் கலியா," என்றாள். சாக்கை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இது ஒனக்காவத்தான்டா. இது போச்சின்னா எல்லாம் போச்சி."

இழுப்பு நின்றது.

நாலாவது வென்டிலேட்டர் மட்டும் திறந்திருந்தது. ஒரு முழம். ஒரு சாண். அடைக்கச் சாக்கு இல்லை.

சண்முகசுந்தரத்தின் செருப்புகள் தரையில் தேய்ந்தன. பிறகு தேயவில்லை. அவர் குரல் கீழேயிருந்து மேலே போனது. காய்ந்த சவுக்குச் சுள்ளியை ஒடிக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் பல. குரல் ஊதலாக மெலிந்தது.

அவள் கண்ணை மூட மறந்துபோனாள்.

மேலே அந்த ஒரு சாண் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை புடைத்து நிறைந்தது. தோல் இல்லாத பத்து விரல்கள், அவசரமே இல்லாமல், சட்டைக் கையை மடித்தன, காலரை மடித்தன, காதை மடித்தன. ஒரு பொட்டுத் தூசி நுழையாதபடி, ஓரம் ஓரமாகச் செருகிக்கொண்டிருந்தன.