நூலில் தொங்கிய விண்கலம்

அவன் சிரித்தது ஒரு சின்னச் சிரிப்புதான். ஆனால் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டான்...

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் அவளுடைய கோபம் நியாயமா இல்லையா என்பது விளங்கும்.

அந்தச் சிறிய அரங்கில் சனிக்கிழமைதோறும் மதியக் காட்சியாக, எழுபதுகளில் வந்த விண்வெளிப் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டையில் வெட்டிய பொத்தான்கள், வெள்ளித்தாள் ஒட்டிய தலைக்கவசங்கள், கவிழ்த்துவைத்த சட்டி மாதிரி விண்கலங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் வசனத்தை மனப்பாடமாக முணுமுணுப்பவர்கள். ஒருவர் வாராவாரம் வெள்ளிநிறக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். வேர்த்து ஊற்றினாலும் கழற்றமாட்டார்.

அவள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை. கண் பரிசோதிப்பவள். முன்பக்கம் அண்ணனுடைய கண்ணாடிக் கடை. பின்பக்கத்து இருட்டறை அவளுடைய ராஜ்யம். அவள் வந்தது ஒரே ஒரு படத்துக்காக. சரியாகச் சொன்னால், அந்தப் படத்தின் கடைசி ஒரு நிமிடத்துக்காக.

பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் டிவியில் அதைப் பார்த்திருந்தாள். ஒருவன் விண்கலத்தில் போகிறான். தரைநிலையத்தில் ஒருத்தி காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவனோடு பேசுகிறாள். அவன் தூரம் போகப் போக, அவள் கேட்பதற்குப் பதில் வரத் தாமதமாகிறது. முதலில் ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு தேநீர் ஆறும் நேரம். பிறகு ஒரு தூக்கம் தூங்கி எழும் நேரம்... கடைசியில் ஒருநாள், ‘திரும்பி வருவாயா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிந்தால் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போனது.

திரும்பக் கரண்ட் வந்தபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவள் எங்கும் பார்க்கவில்லை. இணையத்தில் தேடினால் மங்கலாக ஒரு போஸ்டர் வந்தது, அவ்வளவுதான். வேலை, வீடு, இரண்டு மூன்று பெண் பார்க்கும் படலங்கள், ‘கண்ணாடி போட்ட பொண்ணா’ என்று இழுத்த ஒரு மாப்பிள்ளை அம்மாவின் முகம்... எல்லாம் வந்து போயின. அந்தப் பதில் மட்டும் வரவேயில்லை.

இப்போது அதே படம், அதே விளக்கு. சின்ன வயதில் அவளுக்கு விண்கலத்தில் போனவனை நினைத்துத்தான் பயமாக இருந்தது. இப்போது தரைநிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் களைத்த கண்களைப் பார்த்தே அழுகை வந்தது. கண்ணாடி ஈரமாகிவிட்டது. கழற்றி மஞ்சள் துணியால் துடைத்தாள். திரையில் விண்கலம் கடைசியாக ஒருமுறை நகர்ந்தது...

பின்வரிசையில் ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு.

கண்ணாடியைக் கையில் வைத்தபடியே திரும்பினாள். எதிரே ஒரு மங்கல். முகம் என்று சொல்ல முடியாது; முகம் இருக்கவேண்டிய இடம்.

“இப்பத்தான் சிரிக்கணுமா உங்களுக்கு?”

கோபம் ஆறும் வரை அந்த மங்கலையே முறைத்தாள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள். திரை வெள்ளையாக இருந்தது. மெல்ல மெல்ல விளக்குகள் எரிய, வெள்ளிக் கோட்டுக்காரர் கைதட்டினார்.

வெளியே மழை. அரங்கின் முகப்புக் கூரைக்கடியில் அவள் நின்றிருந்தபோது பக்கத்தில் வந்து ஒருவன் நின்றான். ஒல்லி. நெற்றியில் விழும் முடி. தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம், விண்கலத்தைத் தூக்கிய நூல் பளிச்சென்று தெரிந்துவிட்டது, அதனால்தான் என்றான். அவள் தான் காத்திருந்த கதையைச் சுருக்கமாக, சூடாகச் சொல்லி முடித்தாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

“சரி, கெடுத்தது கெடுத்தீங்க. முடிவையாவது சொல்லுங்க. அவன் என்ன பதில் சொன்னான்?”

அவன் மழையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி மழையைப் பார்த்தான்.

“மாசக் கடைசி சனிக்கிழமை இன்னொரு தடவ போடுறாங்க. போர்டுல எழுதியிருக்கு...”

“சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?”

குடையில்லாமல் மழையில் இறங்கி நடந்துவிட்டாள். பாதித் தெரு தாண்டிய பிறகுதான் மஞ்சள் துணி கையில் இல்லை என்பது தெரிந்தது. திரும்பிப் போய்த் தேடத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இருட்டறை நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். சீட்டை நிரப்பிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல், கடைசி வரியைப் படிக்கச் சொன்னாள். தெரியவில்லை என்றான். அதற்கு மேல் வரி? மங்கல். அதற்கும் மேல்? அதுவும் மங்கல். உச்சியில் ஒற்றையாக நிற்கும் எழுத்தைக் கேட்டதற்கு, கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றான்.

சரி, உள்ளே ஏதோ கோளாறு என்று சிறு விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. சுற்றிலும் தேன் நிறம்... மழை விட்ட பிறகு குட்டையில் விழும் வெயில் மாதிரி. தினமும் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள். எதைத் தேடிக் குனிந்தோம் என்பது அன்றைக்குத்தான் முதன்முறையாக மறந்துபோனது. பிறகு அந்த நெற்றியில் விழுந்த முடியைப் பார்த்தாள்.

நிமிர்ந்தாள். விளக்கை அணைத்தாள்.

“பின்வரிசையில உக்காந்து நூலையே பாத்த கண்ணு. ஆனை மாதிரி நிக்கிற இந்த எழுத்து தெரியலையா?”

அவன் எச்சில் விழுங்கினான். “பக்கத்துல இருக்கிறதுதாங்க பிரச்சனை. தூரத்துல நல்லாத் தெரியுது.”

“எழுத்துப் பலகை தூரத்துலதான் இருக்கு.”

“அப்போ... ரெண்டுமே பிரச்சனை.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை.

துணியில் கடைப்பெயர் அச்சடித்திருந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டு வந்தானாம். துணி எங்கே என்றதற்கு வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னான். தொழிலையும் சொன்னான்: லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கம்பிவடத்தோடு வேலை. எது தொங்கினாலும், எது அதைத் தாங்குகிறது என்றுதான் முதலில் கண் போகுமாம்.

“கேலியா சிரிக்கலங்க. அந்த நூலை மேல நின்னு யாரோ ஒருத்தர் பிடிச்சிருப்பாரு இல்ல? கை ஆடாம, மூச்சு விடாம... படத்துல பேர்கூட போட்டிருக்க மாட்டாங்க. எங்க ஆளு ஒருத்தரை எதிர்பாராம பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தச் சந்தோஷம்.”

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, அந்த நூலைப் பிடித்திருந்த முகம் தெரியாத கையை நினைத்துக்கொண்டாள். கூடவே, அதைப் பார்த்துச் சிரித்தவனையும்... ஐயோ, இதென்ன புது வியாதி.

அடுத்தமுறை அவன் அம்மாவின் கண்ணாடியோடு வந்தான். காதுப்பக்கம் ஸ்க்ரூ லூசாம். அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லிஃப்டையே பிரித்து மாட்டுகிறவருக்கு இந்த ஸ்க்ரூ முறுக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்: “ஏய் முட்டைக்கண்ணி, உன் பேஷண்ட் வந்திருக்கார்.”

அது வீட்டில் அவளுக்குச் சின்ன வயதில் வைத்த பெயர். மைனஸ் பவர் கண்ணாடி வந்தபின் கண்கள் அதற்குள் சின்னதாக ஒடுங்கிவிட்டன. பெயர் மட்டும் பெரிதாகவே நின்றுவிட்டது. அவன் அதைக் கேட்டு, “சரியான பேருதான்” என்று மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. இவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்ட கண்ணைத்தானே பார்த்திருக்கிறான்... கேலியோ?

மனம் சுருக்கென்றது. அந்தச் சுருக்கோடு பழைய கேள்வியும் கிளம்பியது. முடிவைச் சொல்லுங்கள் என்றாள். வெள்ளிக் கோட்டுக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்; ஆனால் கெடுத்தவர் வாயிலிருந்து வரவேண்டும், அதுதான் தண்டனை என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அதை மட்டும் கேட்காதீங்க என்றான். ஏன் என்றாள். சொல்ல முடியாது என்றான்.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு, இல்ல? நான் இத்தனை வருஷம் காத்திருந்ததும் விளையாட்டு. இனிமே கண்ணு தெரியலன்னு இங்க வராதீங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு முறுக்கிக்கொடுத்த கண்ணாடியை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. வராதே என்றால் வராமலே இருந்துவிடுவதா? வாசல் மணி ஒலிக்கும்போதெல்லாம் இருட்டறைத் திரை தானாக விலகியது. யாரோ ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, யாரோ ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு... அவன் இல்லை. அண்ணன் இரண்டு நாள் கிண்டல் செய்தான். மூன்றாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கி வைத்தான். ஆறிப்போகும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறும் நேரம்... அந்தப் படத்துப் பெண் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ?

மாதக் கடைசிச் சனிக்கிழமை. அடைமழை. இதோடு படச்சுருள் வந்த ஊருக்கே திரும்பப் போகிறது என்று வாசலில் எழுதியிருந்தார்கள். அவள் அதே வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். வெள்ளிக் கோட்டுக்காரர் ஆள் வருதா என்று கேட்டார். வருது என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது.

படம் ஓடியது. கைப்பை மட்டும் துணை. பின்வரிசையும் காலி. விளக்கு எரியும் காட்சி நெருங்கியது. இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை. விண்கலம் நகர்ந்தது... நூல் தெரிந்தது. மெல்லிய, நடுங்காத, ஒற்றை நூல். எவ்வளவு அழகாக இருந்தது.

சிரிக்க ஆள் இல்லை.

அவ்வளவுதான். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த நிமிடம் முன்னால் வந்து நின்றபோது, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முகப்பில் சாரல் அடித்தது. கண்ணாடியில் துளித்துளியாக நீர். அந்தத் துளிகளுக்குள் யாரோ ஒருவன் ஓடி வந்தான். தலையிலிருந்து நீர் சொட்ட, கையெல்லாம் கரிய எண்ணெய் மசை. மழையில் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டதாம். குழந்தை அழுததாம். அவர்களை வெளியே எடுத்துவிட்டு நேரே ஓடி வருகிறானாம்.

“முடிஞ்சிடுச்சா?”

“இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும்.”

“அப்புறம் ஏன் வெளிய நிக்கிறீங்க? போங்க, போய்ப் பாருங்க.”

“நீங்கதான் சொல்லணும்னு சொன்னேனே.”

 மசைக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

“எனக்குத் தெரியாதுங்க.”

“என்ன தெரியாது?”

“முடிவு. அன்னைக்கு நீங்க கண்ணாடியில்லாம திரும்பினீங்க... அதுக்கப்புறம் நான் திரையைப் பாக்கவே இல்ல.”

மழைச் சத்தம் திடீரென்று தூரமாகப் போனது. சரியான பேருதான் என்று அவன் சொன்னது அவள் நினைவில் வந்து, இப்போதுதான் உரிய இடத்தில் உட்கார்ந்தது.

“இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா, படத்தைப் பாக்காம எதைப் பாத்தீங்கன்னு கேப்பீங்க. பதில் இருந்துச்சு. தைரியம்தான் இல்ல. அம்மா கண்ணாடியில ஸ்க்ரூவை நானே லூசாக்கி எடுத்துட்டு வந்தேன். அப்பவும் தைரியம் வரல.”

உள்ளே கைதட்டல் கேட்டது. கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தது. ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அவன் வருவான்னுதான் அர்த்தம் என்றாள் மனைவி. உனக்கு ஒன்னும் புரியல, வரமாட்டான் என்றார் கணவர். வெள்ளிக் கோட்டுக்காரர் இரண்டும் தப்பு என்று விளக்கம் சொல்லிக்கொண்டே அவர்கள் பின்னால் போனார். இவர்கள் இருவரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் கரைந்தது. அவன் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து, மசை படாமல் இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டினான். மஞ்சள் துணி.

“வீட்ல மறந்துட்டேன்னு சொன்னீங்க?”

“கண்ணு தெரியலன்னும்தான் சொன்னேன்.”

அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துளிகளைத் துடைத்தாள். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“இது இல்லாம எனக்கு ஒரு சாண் தூரம்தான் தெரியும்.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் ஓர் அடி முன்னால் வந்தான்.

“இப்ப?”

“மங்கல்.”

இன்னும் ஓர் அடி. மழை வாசம். அதோடு இரும்பு வாசம்.

“இப்ப?”

“மங்கல்தான்.”

அவன் குனிந்தான். மங்கலுக்குள்ளிருந்து முதலில் நெற்றியில் விழுந்த முடி வந்தது. பிறகு தேன் நிறத்தில் இரண்டு கண்கள்...

“இப்ப?”

பதில் வரத் தாமதமானது. ஒரு மூச்சு விடும் நேரம்.

“தெரியுது.”