குதிப்புச் சோதனை

விசில் நின்றது. ஆட்கள் நின்றார்கள். திரையில் ஓடிய கோடு மட்டும் நிற்கவில்லை.

அவள் மடிக்கணினியின் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். எதிரே கேலரிப் படிகளில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட கூலியாட்கள் இரைக்க இரைக்க நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய காலும் தரையைவிட்டு எழவில்லை. ஆனால் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது. சற்று முன் விசிலுக்கு அவர்கள் குதித்தார்களே, அதே தாளம். பிறகு, அவள் பார்ப்பதை யாரோ பார்த்துவிட்டதுபோல, சட்டென்று படுத்துக்கொண்டது.

புதிய கால்பந்து மைதானத்தின் மற்ற கேலரிகள் எல்லாம் தரையில் நின்றன. தண்ணீர்ப் பக்கக் கேலரி மட்டும் பாதி உடம்பைக் கரைக்கு வெளியே தண்ணீர் மேல் நீட்டி, சேற்றில் ஆழமாக இறக்கிய பைல் தூண்களின் மேல் நின்றது. டிவியில் பார்க்க அழகாக இருக்குமாம். கோல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே தாளத்தில் குதிக்கும். அதைக் கேலரி தாங்குமா என்று திறப்பதற்கு முன் குலுக்கிப் பார்த்து அளந்தாக வேண்டும். அடியில் சென்சார் பொருத்தி அதிர்வை அளப்பது அவள் வேலை. குலுக்குவதற்கு இயந்திரம் உண்டு, ஆனால் வாடகை அதிகம். கூலியாட்கள் மலிவு. "அரை நாள் சம்பளம், சும்மா குதிச்சா போதும்" என்று மேனேஜர் சொன்னதும் எல்லாரும் கை தூக்கினார்கள். அவள் அப்பாவும் தூக்கினார்.

அப்பா கம்பி கட்டுகிறவர். அந்தக் கேலரியின் கம்பிகளில் பாதி அவர் கையால் முறுக்கியவை. அவர் படிக்காமல் வந்த சைட்டுக்கே அவள் படித்து வந்ததில் அவருக்குப் பெருமை. அவளுக்குத் தலைவலி. சைட்டில் அவளை யாரும் இன்ஜினியர் என்று சொல்வதில்லை. கம்பிக்காரர் பொண்ணு.

மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. நாளைக்குள்ள. எதைக் கேட்டாலும் அவர் வாயில் அதுதான் வரும்.

"சார், ஆட்கள் நின்னப்புறமும் அதிர்வு வருது."

"அலைம்மா. தண்ணி மேல கட்டினா அலை அடிக்காம அனலா அடிக்கும்?"

"அலை விசில் கேட்டு அடிக்காது சார்."

"அப்போ என்னன்னு நீயே எழுதிக் குடு. பேய்னு எழுதறியா? எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

சைட் ஆபீஸாக வைத்திருந்த கன்டெய்னர் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் தகரச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து மறுபடி அவள் முகத்தில் விழுந்தது.

"நாளைக்குள்ள சுத்தமான ரீடிங் வேணும். சாயங்காலம் விளக்கெல்லாம் போட்டு, கேலரி முழுக்க ஆள் நிறுத்திக் குதிக்க வைக்கறோம். முதலாளியும் வர்றார். சென்சாரைச் சரி பண்ணு, போ."

சென்சாரில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். கருவிப் பையையும் பல்லையும் இறுக்கிக்கொண்டு போனாள்.

மேலே வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் கேலரிக்கு அடியில், பைல்களை ஒட்டி ஆள் நடப்பதற்குப் போட்டிருந்த இரும்புப் பாதையில் இறங்கியதும், காயாத காங்கிரீட்டின் சுண்ணாம்பு வாடையும் பல காலமாகக் கிளறாமல் கிடந்து இப்போது கிளறப்பட்ட சேற்றின் வாடையும் ஒன்றாகப் பிசைந்து, ஈரத் துணியை முகத்தில் போட்டு அழுத்தினாற்போல் மூச்சை அடைக்க, எங்கிருந்தோ ஒழுகும் நீர் எங்கேயோ சொட்டும் சத்தமும், கறுத்த தண்ணீர் ஒவ்வொரு பைலையும் சுற்றிச் சுற்றி உரசும் சத்தமும் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. டார்ச் வெளிச்சம் போகும் இடமெல்லாம் பைலின் நிழல் ஒன்று விலகி வழிவிட்டது. சென்சாரின் திருகை அவிழ்த்தாள். இறுக்கினாள். சரியாகத்தான் இருந்தது. வாய்க்குள் மேனேஜரை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவள் பூட்ஸ் இரும்பில் பட்டுக் கணீர் என்றது. கீழே தண்ணீருக்கடியில் ஏதோ தொம்மென்றது.

நின்றாள். இன்னொரு தொம். பிறகு அதுவும் நின்றது.

எதிரொலி. தண்ணீர் இருக்கிறது, மேலே கூரைபோல் காங்கிரீட் இருக்கிறது, எதிரொலி வரத்தான் செய்யும். பரிசோதித்துப் பார்த்துவிடுவோம் என்று பாதையை உதைத்தாள். இரண்டு உதை, இடைவெளி விட்டு ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழிருந்து வந்தது: இரண்டு, இடைவெளி, ஒன்று. பக்கத்துப் பைலில் உள்ளங்கையை வைத்தாள். ஈரமாக இருந்தது. மறுபடி உதைத்தாள், வேறு மாதிரி, ஒழுங்கில்லாமல். அதுவும் அதே ஒழுங்கின்மையோடு திரும்பி வந்தது. இம்முறை கொஞ்சமும் தாமதிக்கவில்லை. அவள் காலும் அதுவும் ஏறக்குறைய சேர்ந்தே விழுந்தன.

மூன்றாம் முறை காலைத் தூக்கினாள். இன்னும் உதைக்கவில்லை. காற்றில்தான் இருந்தது கால்.

தொம்.

எதிரொலி முன்னால் வராது.

ஏணிவரைக்கும் ஓடினாள். எப்படி ஏறினாள் என்பது நினைவில் இல்லை.

வீட்டில் அப்பா வாளி வெந்நீரில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா கண்ணு, மூஞ்சி இப்படி இருக்கு? நாளைக்குள்ள ஏதாவது சொன்னானா?"

"அப்பா, நாளைக்கு நீங்க ஏறாதீங்க."

"ஏன், கேலரி விழுந்துடுமா?"

"விழாது."

"அப்புறம்?"

 படித்த அத்தனை புத்தகத்திலும் அதற்கு வார்த்தை இல்லை. "கீழ என்னமோ இருக்குப்பா. நாம செய்யறத அது கத்துக்குது."

அப்பா சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. காலை வெளியே எடுத்துத் துண்டால் மெதுவாகத் துடைத்தார்.

"நான் மட்டும் கீழ உக்காந்தா மத்தவன் என்ன நினைப்பான்? பொண்ணு சொல்லிட்டா, அப்பன் தப்பிச்சுக்கிட்டான், நம்மள மட்டும் ஏத்தி விட்டாங்கன்னு பேசுவான். எல்லாரையும் இறக்கு. நானும் இறங்கறேன்."

"எல்லாரையும் இறக்க நான் யாருப்பா?"

"அதுக்குத்தானே படிச்சே?"

குத்தலாகச் சொல்லவில்லை அவர். உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் முழுக்க அவள் எல்லாரையும் இறக்கப் பார்த்தாள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மேனேஜரிடம் பேசச் சொன்னார்கள். மேனேஜரிடம் பேசினாள். காரணத்தைச் சொல் என்றார். அடையாளம் தெரியாத அதிர்வு என்றாள். அது காரணமில்லை, உன் தெரியாத்தனம் என்றார். கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன் என்றாள்.

"தொடாதே. பட்டனை அழுத்த வேற ஆள் இருக்கான். நீ வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனால் அப்பா படியில் நிற்பார், நிறுத்துவதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். 

"நான் இருக்கேன். ஆனா விசில் என்கிட்ட இருக்கணும். நான்தான் ஊதுவேன்."

"ஊத மூச்சு இருந்தா வெச்சுக்கோ" என்று மேசையில் கிடந்த விசிலைத் தள்ளிவிட்டார்.

சின்னச் சின்ன ஊதலுக்குக் குதிக்க வேண்டும். நீளமாக ஊதினால் நிற்க வேண்டும். கொஞ்சமே கொஞ்சம் குதிக்கவிட்டு நீளமாக ஊதிவிடுவது, ரீடிங் வீணாகட்டும், வேலை போகட்டும், அப்பாவைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது. அவ்வளவுதான் அவள் திட்டம்.

சாயங்காலம் தண்ணீரிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. கோபுர விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று ரீங்கரித்தன. வெள்ளை வெளிச்சத்தில் கேலரி முழுக்க மஞ்சள் ஹெல்மெட்டுகள், ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, கல்யாணக் கூட்டம்போல் சலசலத்தன. அப்பா நடுப்படியில் நின்றார். அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

"டேய் கம்பி, உன் பொண்ணு ஊதினா அரை நாள் சம்பளம் முழு நாளா ஆகுமா?" யாரோ ஒருவன் கத்தினான். சிரிப்பு.

"ஆரம்பி" என்றார் முதலாளியின் பக்கத்தில் நின்ற மேனேஜர்.

அவள் திரையைப் பார்த்தாள். கோடு தட்டையாகக் கிடந்தது. விசிலைக் கையில் எடுத்தாள். இன்னும் உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

தொம்.

ஆட்கள் எல்லாரும் குதித்தார்கள்.

"நான் ஊதலை" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

தொம். குதித்தார்கள். தொம். குதித்தார்கள். ஒருவர்கூடப் பிந்தவில்லை. நேற்று ஆளுக்கொரு பக்கம் தடுமாறியவர்கள்.

"ஆஹா, என்ன தாளம்!" என்றார் மேனேஜர்.

விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள். நெஞ்சு வற்றும்வரை ஊதினாள். தொம். குதித்தார்கள். மறுபடி ஊதினாள். தொம்.

"போதும், நிறுத்தச் சொல்லு."

"ஊதிக்கிட்டுதான் சார் இருக்கேன்!"

"நிறுத்துங்கடா!" மேனேஜரின் குரல் உடைந்தது. கேலரியில் சிரிப்பு இல்லை. பேச்சு இல்லை. விளக்குகளின் ரீங்காரம். தொம். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தாள்.

குதிக்கிறவன் முட்டியை மடக்குவான். இங்கே ஒரு முட்டியும் மடங்கவில்லை. நேராக, விறைப்பாக, நட்டு வைத்த கம்பிகள்போல் நின்றார்கள். முதலில் சத்தம் வந்தது. பிறகுதான் அவர்கள் எழுந்தார்கள்.

அவர்கள் குதிக்கவில்லை. எறியப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

விசிலை எறிந்துவிட்டு ஓடினாள். படிகளில் ஏறினாள். இரண்டு பக்கமும் மனிதர்கள் மேலே போனார்கள், வந்தார்கள். கண்கள் மட்டும் அவளைத் தொடர்ந்தன. ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அப்பாவின் கை. பிடித்துவிட்டாள். சில்லென்றிருந்தது, ஊறிப்போன கை. "அப்பா, வாங்க. வாங்கப்பா." இழுத்தாள். அவர் உதடு அசைந்தது.

"இறங்கும்மா."

தொம்.

அவளும் எழுந்தாள். முட்டி மடங்கவில்லை.

காற்றில் தொங்கிய அந்தக் கணத்தில் குனிந்து பார்த்தாள். படிகளுக்கு நடுவே இன்னும் மூடாமல் விட்ட சந்து. அதன் வழியே வெள்ளை வெளிச்சம் தண்ணீர்வரை இறங்கியிருந்தது. தண்ணீரில் ஓர் அசைவுகூட இல்லை. கண்ணாடித் தரைபோல் கிடந்தது. அதன் மறுபக்கத்திலிருந்து, மேல்நோக்கி ஊன்றியபடி, உள்ளங்கால்கள். வெளுத்த உள்ளங்கால்கள். வரிசை வரிசையாக. ஒவ்வொரு ஆளுக்கும் நேராக ஒரு ஜோடி. அப்பாவுக்கு நேராக ஒரு ஜோடி, அகலமாக, வெடிப்புகளோடு.

பக்கத்தில், அவளுக்கு நேராக, ஓர் இடம் காலியாக இருந்தது. ஆழத்திலிருந்து சின்னதாக இன்னொரு ஜோடி மெல்ல எழும்பி வந்து, அந்த இடத்தில் ஒட்டி, விரல்களை விரித்தது.