லெம்லெம் கிள்ளிப் பார்த்த காய்கள்

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. இறைச்சி கிடையாது, வெண்ணெய் கிடையாது. கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்த அம்மாவும் நோன்பை விடுவதாக இல்லை.

நேற்று அப்பா தமிருதான் காய்க்குழம்பு வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். முட்டைக்கோஸ் கூழாகிவிட்டது. கேரட்டோ கடித்தால் 'கடக்' என்றது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று தட்டை நகர்த்தினாள். அது பொய் என்று பத்து வயது லெம்லெமுக்குத் தெரியும்.

"இன்னிக்கு நான் வைக்கிறேம்பா," என்றாள் காலையில்.

"வை தாயி. மிச்சக் குழம்பை நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு."

வெங்காயம் வதங்கியது. எண்ணெய், இஞ்சி, பூண்டு, மஞ்சள் எல்லாம் போட்டாயிற்று. அடுத்து எந்தக் காய்? லெம்லெம் கரண்டியோடு நின்றாள்.

பக்கத்து வீட்டு வுபித் அத்தை எட்டிப் பார்த்தாள். "கோஸைப் போடு. அதுதானே நிறைய இருக்கு."

அவள் பின்னாலேயே அவள் கணவர் கெப்ரே மாமா வந்தார். "உருளைக்கிழங்கை மட்டும் கடைசியில போடு. இல்லேன்னா கரைஞ்சிடும்."

"எதுக்கு வம்பு? எல்லாத்தையும் ஒண்ணா கொட்டு," என்றார் அப்பா.

"நேத்து அப்படித்தான் கொட்டினீங்களா?" என்று கேட்டாள் லெம்லெம்.

அப்பா கூரையைப் பார்த்தார்.

லெம்லெம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று பேரும் பெரியவர்கள். மூன்று பேரும் வேறு வேறு சொல்கிறார்கள். வீட்டில் இருந்த காய் இவ்வளவுதான்; வீணானால் வேறு இல்லை. வெங்காயம் அடிபிடிக்கப் பார்த்தது. சட்டென்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு ஒரு கேரட் துண்டை எடுத்துக் கிள்ளினாள். நகம் இறங்கவில்லை. உருளைக்கிழங்கில் கொஞ்சம் இறங்கியது. கோஸ் இலை சட்டென்று கிழிந்தது.

"ரொம்பப் பிடிவாதக்காரன் முதல்ல போகட்டும்," என்று முணுமுணுத்தபடி கேரட்டைப் போட்டாள். அது கொஞ்சம் வெந்ததும் கிழங்கு. கடைசியில்தான் கோஸ்.

வுபித் அத்தையின் முகம் வாடியது.

"அத்தை, கோஸ்தான் மேலே இருக்கு. அம்மா பாத்திரத்தைத் திறந்ததும் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க," என்றாள் லெம்லெம். அத்தை சிரித்துவிட்டாள்.

ஆனாலும் மருத்துவமனை போகும்வரை சந்தேகம் தீரவில்லை. செய்தது சரியா, தப்பா?

அம்மா புளித்த தோசை போன்ற இன்ஜெராவைப் பிய்த்து, குழம்பில் ஒற்றி, வாயில் போட்டாள். மென்றாள்.

"சரியில்லையாம்மா?"

அம்மா இன்னொரு துண்டைப் பிய்த்தாள். கேரட்டும் கிழங்கும் கோஸும் சேர்த்துச் சுருட்டி, லெம்லெமின் வாயில் ஊட்டினாள். எல்லாமே மெத்தென்று இருந்தன. எதுவும் கூழாகவில்லை.

தனக்கும் ஒரு வாய் வரும் என்று அப்பா குனிந்து வாயைத் திறந்தார்.

"உங்களுக்கு நாளைக்கு," என்று தட்டை வழித்தாள் அம்மா.