டிசா பூத்த சாயங்காலம்

மீன்கள் துள்ளவில்லை. எதெல்காவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சேற்றுக்கரைக்குள் மூன்று வருஷம் புழுவாகக் கிடந்த நெடுவால் பூச்சிகள், டிசா ஆறு பூக்கும் அந்த ஒரு சாயங்காலத்தில் ஆயிரமாயிரமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்போது, அவற்றைக் கவ்வ மீன்கள் துள்ளுகிற சத்தத்தில் காது அடைத்துப்போகும். இன்று சிறகுகளின் சரசரப்பும் ஈரக் களிமண் வாடையும் மட்டுமே. வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் காலையிலிருந்து ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துப் படகில் அக்கரைக்கும் இக்கரைக்கும் இழுத்து இழுத்து அவள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. புருஷன் அம்ப்ருஷைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும்.

பூக்கிற வாரத்தில் தூண்டிலுக்குப் புழு வேண்டுமென்று யாரும் கரையைத் தோண்டமாட்டார்கள்; ஆறு பொறுக்காது என்பார்கள். அம்ப்ருஷ் சொன்னால் கேட்கிற ஜென்மமா? மதியமே மண்வெட்டியோடு அக்கரைக்குப் போய்விட்டான்.

அதோ நிற்கிறான், முழங்கால் தண்ணீரில், கையை உயர்த்தியபடி. உடம்பெங்கும் பூச்சிகள் தொற்றிக்கொண்டு தங்கள் தோலை உரித்துக்கொண்டிருந்தன. அவை உரித்து முடிக்கும்வரை ஆள் அசையாமல் நிற்பது அந்த ஊர் வழக்கம்.

“யோவ், போதும் வாய்யா! இனிமே ஒரு தடவ கூட என்னால இழுக்க முடியாது.”

“இருடி எத்து. முடியப் போவுது.” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது குரல். “முதுகுதான் விண்ணு விண்ணுனு தெறிக்குது.”

“தோண்டாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?”

கம்பியை எட்டி எட்டி இழுத்தாள்.

படகு கரையைத் தட்டியது. பூச்சிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பிப் போயின. அவன் அசையவில்லை. கண் சிமிட்டவில்லை. தண்ணீரில் இறங்கினாள். தோளைத் தொட்டாள்.

விரல்கள் உள்ளே போயின.

வெங்காயச் சருகு. அவ்வளவு மெல்லிசு. மீசை இருந்தது. கன்னத்து மச்சம் இருந்தது. உள்ளே யாருமில்லை. பின்னால் எட்டிப் பார்த்தாள். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே பிளவு.

“எவ்ளோ லேசா இருக்கு தெரியுமா, எத்து!”

தலைக்கு மேலிருந்து. அவன் குரல்தான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பயம். மேற்கே பார்த்தாள். வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் பூத்தவை ஒன்றுகூட உயிரோடு இருக்காது.

“கீழ வந்துடுய்யா... சீக்கிரம் வந்துடு...”

வெளிச்சம் போனது. பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. படகில். தண்ணீரில். அவள் கூந்தலில்.

பிறகு, நடு ஆற்றில், கனமாக ஒன்று விழுந்தது.

மீன்கள் துள்ள ஆரம்பித்தன.