அடுத்தவள் போட்ட கோடு

பஞ்சு குதித்துச் சுற்றி இறங்கினாள். சரியாகத்தான் இறங்கினாள், வலது காலணியின் பிளேடு பனியைக் கீறிய சத்தம் ஆளில்லாத பனிச்சறுக்குக் கூடத்தின் தகரக் கூரை வரை போய் முட்டித் திரும்பி வந்தது. வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். பனியில் கோடு இல்லை.

பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. குதித்து இறங்கியதும் மாஸ்டரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாங்கள் போட்ட கோட்டைத்தான் பார்ப்பார்கள். பிளேடு எந்த விளிம்பில் இறங்கியது, எங்கே தடுமாறியது, எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்பதெல்லாம் அங்கே வெள்ளையாக விழுந்திருக்கும். பஞ்சுவின் கோடு முடிகிற இடத்தில் தூண்டில் முள் மாதிரி உள்பக்கமாகச் சின்னதாய் ஒரு வளைவு வரும். மாஸ்டர் பல வருடம் திட்டித் தீர்த்தும் போகாத வளைவு. இப்போதுதான் வண்டி ஓடி, பழைய கீறல்களை வழித்து, தண்ணீர் விட்டு உறைய வைத்த புதுப் பனி. முடி விழுந்தாலும் தெரிய வேண்டும். வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள்.

சிறுமியாக இருந்தபோது உடம்பு அவ்வளவு லேசாக எழும்பும் என்பதால் வந்த பட்டப்பெயர் பஞ்சு. இப்போது பத்தொன்பது வயது. பெயர் ஒட்டிக்கொண்டது, லேசு கழன்றுகொண்டது. நாளை அணித் தேர்வு. இருப்பது இரண்டே இடம், அவள் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அந்த இரண்டு இடத்திலும் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்த மாதிரி ராக்கெட்டும் நெட்டையும் இருந்தார்கள். ராக்கெட் இடுப்பு உயரப் பொடிசு. குதித்தால் எப்போது இறங்குவாள் என்று நாம்தான் காத்திருக்க வேண்டும். நெட்டை ஒரு தள்ளு தள்ளினால் பாதித் தளத்தைக் கடந்துவிடுவாள். பஞ்சு ஆடிய நேரத்தைவிட இவர்களைப் பார்த்து வெந்த நேரம் அதிகம். சாப்பிட உட்கார்ந்தால் ராக்கெட்டின் தட்டில் என்ன இருக்கும் என்று நினைப்பு. படுத்தால் நெட்டையின் முதுகு எப்படி அப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று நினைப்பு. கண்ணாடி பார்த்தால் தன்னிடம் இல்லாததெல்லாம்தான் முதலில் கண்ணில் படும்.

ஒப்பிடத் தெரியாத ஒரே ஆள் அம்மா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்த கையோடு மகளை அழைத்து வந்து, தடுப்புப் பலகைக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருவாள். குதிகளின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ராக்கெட் மூன்று சுற்றுச் சுற்றி இறங்கி ஊரே கைதட்டும்போது அம்மா பிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருப்பாள். பஞ்சு சாதாரணமாக ஒரு வட்டம் போட்டாலும் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த உலகத்தில் தன்னைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி வருகிறாள் என்பதுதான் பஞ்சு பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கொம்பு.

இந்த வினை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. மாலையில் ராக்கெட்டும் நெட்டையும் மற்றவர்களும் ஆடிவிட்டுப் போன பனியைக் காலையில்தான் வழிப்பார்கள். வண்டிக்கார அண்ணன் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவார். மற்றவர்கள் சுத்தமான பனிக்காகக் காத்திருக்க, பஞ்சு மட்டும் அழுக்குப் பனியில் இறங்குவாள்.

"எல்லாரும் நல்ல பனி கேப்பாங்க. உனக்கு மட்டும் எச்சில் பனி பிடிக்குதே," என்பார் அவர்.

அந்த எச்சில்தான் வேண்டியிருந்தது. பனி முழுக்க அடுத்தவர்களின் கோடுகள். ராக்கெட் இறங்கிய இடம் இது, நெட்டையின் நீண்ட விளிம்பு அது. முதலில் குனிந்து பார்த்தாள். பிறகு தன் பிளேடை வைத்து அளந்தாள். பிறகு ஒரு நாள், அந்தக் கோட்டுக்குள்ளேயே பிளேடை வைத்து ஓடினாள். அடுத்தவர் கோட்டில் கால் வைக்காதே, மாட்டிக்கொள்ளும் என்பதுதான் முதல் நாளே மாஸ்டர் எல்லோருக்கும் சொல்வது. விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்வார். பஞ்சு விழவில்லை. கோடு அவளை ஏந்திக்கொண்டு போனது. அடுத்த வாரமே மாஸ்டர், "அட, ராக்கெட் இறங்கின மாதிரியே இருக்கே," என்றார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது மாஸ்டர் வந்து, மற்றவர்களும் வந்து இறங்கினார்கள். பஞ்சுவின் முறை வந்தது. யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ அவள் ஆரஞ்சுப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொள்வாள்; மற்றவர்கள் வழிவிட வேண்டும். பஞ்சு பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடினாள். யாரும் வழிவிடவில்லை. ராக்கெட் நேராக அவளை நோக்கி வந்தாள். கடைசி நொடியில் பஞ்சுதான் விலகினாள். மாஸ்டரின் கண் அவள் மேல் பட்டு, நிற்காமல் அப்பால் போனது. தேறாத கேஸ் என்று கைகழுவிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். தடுப்புப் பலகையில் அம்மா கையாட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பஞ்சுதான் முதலில் கேட்டாள்.

"நல்லா ஆடினேனாம்மா?"

"நல்லாத்தான் ஆடின. குதிக்கிறதுக்கு முன்னாடி கழுத்த லேசா சாய்ப்பியே, யாரோ கூப்பிட்ட மாதிரி. அது எங்க போச்சு?"

"அதெல்லாம் தப்பும்மா. மார்க் குறைப்பாங்க."

"ஓ," என்றாள் அம்மா. கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கு அத வெச்சுத்தான் தூரத்துல இருந்து உன்ன கண்டுபிடிக்கத் தெரியும்," என்றாள்.

மறுநாள் தேர்வுக்கு வெகுமுன்பே வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு வண்டிக்கார அண்ணன் வழக்கம்போலப் போய்விட்டார். ஓரத்து விளக்குகள் மட்டும் எரிந்தன. குளிர்விக்கும் இயந்திரத்தின் உறுமல் தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. ஈர ரப்பரின் வாடையும் இரும்பின் வாடையும் நேற்றைய வியர்வையும் கலந்து மூக்கில் ஒட்டின. நடுத்தளத்துக்கு மேல் மெல்லிய மூடுபனி முழங்கால் உயரத்தில் படுத்துக்கிடந்தது. பஞ்சு இறங்கி, பழைய கோடுகளைப் படித்துக்கொண்டே போனாள். ராக்கெட். நெட்டை. மறுபடி ராக்கெட்.

அதற்குப் பிறகு, யாருடையது என்று தெரியாத ஒரு கோடு.

அவ்வளவு அழகான கோட்டை அவள் பார்த்ததே இல்லை. ஆழமாக, சீராக, எங்கேயும் தயங்காமல் தளம் முழுக்க ஓடியிருந்தது. நெட்டையின் நீளம் அதில் இருந்தது. ராக்கெட்டின் இறக்கம் இருந்தது. பஞ்சு பொறாமைப்பட்ட ஒவ்வொருத்தியின் ஒவ்வொரு நல்லதும் அதில் இருந்தது. குனிந்தபடியே தொடர்ந்து போனாள். ஓர் இறக்கம் முடிகிற இடத்தில், உள்பக்கமாக, தூண்டில் முள் மாதிரி சின்னதாய் ஒரு வளைவு.

அது அவளுடையது. தன் பிளேடிலிருந்து காணாமல் போனது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அழுகை வந்தது. திட்டுவாங்கித் திட்டுவாங்கி வெறுத்த அந்த வளைவின் மேல் இப்போது அவளுக்கு அப்படி ஓர் ஆசை பொங்கியது. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

பிளேடை அதற்குள் வைத்தாள்.

கச்சிதமாகப் பொருந்தியது. கோடு இழுத்தது. அவள் தள்ளவே இல்லை. கால் தானாக ஓடியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, வேகம் கூடக்கூடக் காதுக்குள் காற்று இரைந்தது. இடது காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தாள். அதுவும் கோட்டுக்குள் போய் விழுந்தது. முன்னால் பார்த்தாள். கோட்டின் நுனியில் வெள்ளைத் தூள் பறந்தது. புதுத் தூள்.

கோடு முடிந்திருக்கவில்லை. இப்போதுதான் யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூடுபனிக்குள் ஒரு முதுகு. நிமிர்ந்த முதுகு. அவளுடைய சட்டை. அவளுடைய கொண்டை. அது கழுத்தை லேசாகச் சாய்த்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி. எழும்பியது. பஞ்சைப் போல எழும்பியது. இறங்கியது. சத்தம் கூரை வரை போனது.

தடுப்புப் பலகைக்குப் பின்னால் அம்மா எழுந்து நின்றாள்.

"அம்மா, அது நானில்ல."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கால் ஓடிக்கொண்டே இருந்தது.

அது பலகையருகே போய் நின்றது. அம்மா குனிந்து அதன் கன்னத்தைப் பிடித்தாள். வாயிலிருந்து வெள்ளை ஆவியாகச் சொற்கள் வந்தன. "வந்துட்டியா கண்ணு. எத்தன நாளாச்சு உன்ன இப்படிப் பார்த்து." அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். பிறகு தளத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சு நேர் எதிரே கடந்து போனாள், கை நீட்டினால் தொடும் தூரம். யாருமில்லாத இடத்தைப் பார்ப்பதுபோல அம்மா பார்த்தாள். அவ்வளவுதான். எல்லாம் போய்விட்டது.

அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த அது மெல்லத் தலையைத் திருப்பியது. பஞ்சுவை உச்சியிலிருந்து பிளேடு வரை அளந்து பார்த்தது. ராக்கெட்டையும் நெட்டையையும் பஞ்சு இத்தனை வருடம் பார்த்த அதே பார்வை. இவளிடம் எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிக்கொண்டது. அம்மாவைப் பார்த்தது.

இன்னொரு சுற்று. பஞ்சு மறுபடி அருகே வந்தாள்.

"ஏன்டா கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அம்மா அந்தக் கைகளைத் தேய்த்தாள். ஊதினாள். சூடேறவில்லை.

இன்னொரு சுற்று.

அம்மா கம்பளியை விலக்கி, ஸ்வெட்டரைத் தூக்கி, அந்த இரண்டு கைகளையும் தன் வெறும் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு நடுங்கியது. விடவில்லை.

இன்னொரு சுற்று.

நடுக்கம் நின்றிருந்தது. உதடு நீலம். இமைகளில் வெள்ளைத் தூள். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், மகளின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டு. அம்மாவின் வாயிலிருந்து இப்போது ஆவி வரவில்லை.