யானை நுழையாத யானை வாசல்

பம்பரத்துக்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அன்றைக்கோ கேட்கவே வேண்டாம். சித்தி கைக்குழந்தையோடு வருகிறாள். ஒரு ரயிலில் இறங்கி இன்னொரு ரயில் பிடிப்பதற்குள் கொஞ்ச நேரம்தான். தவறவிட்டால், பாப்பாவைப் பார்க்க அடுத்த வருஷம்தான்!

பழைய நகரத்து மதிலில் இருந்த யானை வாசலில் அவளும் அம்மாவும் காத்திருந்தார்கள். சித்தியைக் காணோம்.

"யானை வாசல்ல நில்லுன்னு தெளிவாத்தான் சொன்னேன். இப்ப போனும் போகல" என்றாள் அம்மா.

"நான் ஓடிப்போய்ப் பாக்கட்டுமா?"

"நீயும் தொலைஞ்சு போகவா? சும்மா நில்லுடி!"

பம்பரம் ஒற்றைக் காலில் நின்றாள். கால் மாற்றினாள். வாசலுக்குள் பத்துத் தடவை புகுந்து வந்தாள்.

அப்போது ஒரு நெட்டைத் தபால்காரர் குனிந்து நுழைந்தார். அப்படியும் 'டங்'கென்று தலையில் இடித்தது.

"யானை வாசலாம்! பூனை நுழைஞ்சாலே பெரிசு" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே போனார்.

பம்பரம் சட்டென்று நின்றாள். ஊரிலேயே குட்டையான வாசல் அது. யாரோ கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். சித்திக்கு?

"அம்மா! சித்தி நிஜமாவே யானை இருக்கற வாசலைத் தேடியிருப்பாங்க. ஸ்டேஷன்லேருந்து வர்ற வழியில யானை எங்க இருக்கு?"

அம்மா வாயைப் பிளந்தாள். அவள் தோட்ட வேலை செய்யும் பழைய மாளிகையின் வாசலில் இரண்டு கல் யானைகள் நின்றன.

"தினமும் அதுங்க முதுகைத் துடைக்கிறவளே நான்தானே! ஓடு, பின்னாலயே வரேன்!"

மாளிகையின் பின்கதவு, ரோஜாப் பாத்தி, வறண்ட நீரூற்று என்று பம்பரம் பறந்தாள்.

"புல்லை மிதிக்காதே!" என்று பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

முன்வாசலில் சித்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, போகாதீங்க!"

"எவ்வளவு நேரம்டி நிக்கிறது? ஸ்டேஷனுக்கே திரும்பலாம்னு கிளம்பிட்டேன்!"

மூச்சிரைக்க வந்த அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லா வச்சீங்க பேரு! இந்த ஊர்ல வழி கேட்டா இப்படித்தான் ஆகும்" என்று சித்தி சிரித்தே விட்டாள். பம்பரத்தைக் கல் யானையின் பக்கத்தில் உட்காரவைத்து, பாப்பாவை அவள் மடியில் வைத்தாள்.

பாப்பா அவள் விரலைப் பிடித்தது. கொட்டாவி விட்டது. அப்படியே தூங்கிவிட்டது.

பம்பரத்துக்குக் கால் மரத்தது. மூக்கு அரித்தது. ஒரு ஈ வேறு வந்து காதில் உட்கார்ந்தது.

பக்கத்திலிருந்த கல் யானையைப் போலவே, பம்பரம் அசையவில்லை.