கொய்யா மரமும் நாலு பிளாஸ்க்கும்

என் அம்மாவுக்குத் தரையைக் கேட்கிற வேலை. சிரிக்காதீர்கள், நிஜம்தான். மண்ணுக்குள் குழாய் எங்கே கசிகிறது என்று, தரையில் மைக்கை வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கண்டுபிடிப்பார். அம்மா பெயர் மைதிலி. நான் தமிழ்மதி, ஐந்தாம் வகுப்பு.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு எங்கள் வீதியிலேயே வேலை. சில நாட்களாக வீதியில் யாருக்கும் குடிநீர் வரவில்லை. ஆனால் என் கொய்யா மரத்தடி மட்டும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஒன்றாம் வகுப்பில் நான் நட்ட மரம். இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய் விட்டிருக்கிறது.

ஜேசிபி ஓட்டும் வேல்குமார் அண்ணன் மரத்தடியைப் பார்த்தார். "ஈரம் இங்கதானுங்க இருக்குது. மரத்தச் சாச்சுட்டுத் தோண்டீரலாங்களா?"

அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்க," என்றார் அம்மா. "தண்ணி சரிவுல ஓடி வந்து இங்க நிக்கும். ஓட்டை மேல எங்கியாச்சும் இருக்கும்."

"மத்தியானம் எனக்கு வேற வேலைங்க. அதுக்குள்ள சொல்லீருங்க."

அம்மா இடம் இடமாக மைக்கை வைத்துக் கேட்டார். அவர் முகம் வாடிப்போனது. "மெஷின் சத்தந்தான் கேக்குது கண்ணு."

எங்கள் வீதியில் நாலு பனியன் கம்பெனிகள். தையல் மெஷின்கள் ராத்திரிகூட ஓடும். டீ வந்தால்தான் நிற்கும். தனபால் மாமா ஒரே கேனில் டீ எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போவார். அங்கே மெஷின் நிற்கும்போது இங்கே ஓட ஆரம்பித்துவிடும்.

சட்டென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வீதி மேட்டில் நிற்கும் மாமாவின் தள்ளுவண்டிக்கு ஓடினேன்.

"மாமா, இன்னிக்கு நாலு கம்பெனிக்கும் ஒரே நேரத்துல டீ குடுங்க."

"எனக்கென்ன நாலு கையா இருக்குது கண்ணு?"

"நாங்க இருக்கறமுங்க மாமா."

வீதிப் பிள்ளைகள் சேர்ந்து வீடு வீடாகப் போய் பிளாஸ்க் வாங்கி வந்தோம். நான் ஒன்று, தனுஷ் ஒன்று, சுபஸ்ரீ ஒன்று. நாலாவதை மாமாவே எடுத்துக்கொண்டார்.

"டீ வந்திருச்சுங்க," என்று நாலு கம்பெனி வாசலிலும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தோம்.

ஒவ்வொரு கம்பெனியாக அடங்கியது. வீதி இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. யாரோ டீயை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

அம்மா கண்ணை மூடிக் கேட்டபடியே மேட்டுப்பக்கம் நகர்ந்தார். மாமாவின் தள்ளுவண்டி அருகே நின்று சிரித்தார்.

"உஸ்ஸுன்னு கேக்குது. தனபாலண்ணா, வண்டியக் கொஞ்சம் நகத்துங்க. ஓட்டை உங்க அடுப்புக்கு நேர் கீழ இருக்குது."

மாமா தலையில் கைவைத்தார். "அட சாமி, என்ற காலுக்குக் கீழயா?"

வேல்குமார் அண்ணன் அங்கே தோண்டினார். அவர் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் பீய்ச்சியடித்து, அவர் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. "சரியாத்தான் சொன்னீங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். ஓட்டையை அடைத்த பிறகு, சாயங்காலம் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது.

மாமாவின் வண்டி இப்போது என் கொய்யா மரத்தடியில் நிற்கிறது. பள்ளத்தை மூடும்வரைதான் என்று சொல்லி வந்தவர். பள்ளத்தை மூடி ஒரு மாதம் ஆகிறது, நிழலை விட்டுப் போக மனமில்லை அவருக்கு. நானும் போகச் சொல்வதில்லை. நிழலுக்கு வாடகையாக எனக்குத் தினமும் ஒரு தேங்காய் பன் வருகிறதே.